மைதானமும் ஒரு தொழிற்சங்கக் கோரிக்கைதான்

(கிளிநொச்சியில் நடைபெற்ற மே தினக் கருத்தரங்கில், தோட்டப் பாடசாலை ஆசிரியரும் சங்க அமைப்பாளருமான எமது தோழர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



சம்பளத்தைப் பற்றிப் பேச என்னைவிட அனுபவம் உள்ளவர்கள் இந்த மேடையில் இருக்கிறார்கள். எனக்குத் தரப்பட்ட தலைப்பு பொதுப் பூங்காவும் விளையாட்டு மைதானமும். கேட்டவுடன் சிலருக்குச் சிரிப்பு வரும். அரிசி விலை இருக்கிற இருப்பில் பூங்காவா, லயத்துக் கூரை ஒழுகும்போது மைதானமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அதனால் மே தினத்திலிருந்தே தொடங்குகிறேன்.

1886 மே 1ஆம் திகதி அமெரிக்காவின் சிக்காகோ நகரில் தொழிலாளர்கள் எதற்காக வேலையை நிறுத்தினார்கள் என்பது நமக்குத் தெரியும். எட்டு மணிநேர வேலை. அந்தக் கோரிக்கைக்கு மூன்று கால்கள் இருந்தன: எட்டு மணிநேரம் வேலை, எட்டு மணிநேரம் உறக்கம், மீதி எட்டு மணிநேரம் நமக்கு. அந்தப் போராட்டத்தின் பின் 1887இல் நான்கு பேர் தூக்கிலிடப்பட்டார்கள். முதல் இரண்டு எட்டைப் பற்றி ஒவ்வொரு வருடமும் பேசுகிறோம். மூன்றாவது எட்டை எங்கே செலவழிப்பது? பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவுக்குள்ளேயா? கசிப்புக் கொட்டிலிலா? அதே அமெரிக்காவில், அதே தலைமுறையில், இந்தக் கேள்விக்குப் பதில் தேடி ஒரு தேசிய அமைப்பே உருவானது. அதன் கதையைத்தான் சொல்லப் போகிறேன். நமக்கு உதவும் பாடமும் அதில் உண்டு, நாம் தவிர்க்க வேண்டிய பாடமும் உண்டு.

ஒரு குவியல் மணல்

1885இல் பொஸ்டன் நகரில் ஏழைகள் நெருக்கமாக வாழ்ந்த பகுதியில், ஒரு தேவாலய முற்றத்தில் ஒரு குவியல் மணலைக் கொட்டினார்கள். பிள்ளைகள் விளையாட மணல், பார்த்துக்கொள்ளச் சில பெண்கள், அவ்வளவுதான். மேரி சக்ஷெவ்ஸ்கா என்ற பெண் வைத்தியர் ஜேர்மனியின் பேர்லின் நகரில் இப்படி மணல் கொட்டிவைத்திருப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்ன யோசனை அது. அந்தக் காலத்தில் அமெரிக்க நகரங்களில் பூங்காக்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அவை கனவான்கள் குதிரை வண்டியில் உலாப் போகும் இடங்கள். தொழிலாளியின் பிள்ளைக்குத் தெருதான் மைதானம். தெருவில் விளையாடினால் வண்டி இடிக்கும், இல்லாவிட்டால் பொலிஸ் பிடிக்கும்.

சிக்காகோவில் 1889இல் ஜேன் அடம்ஸ் என்ற பெண் குடியேற்றத் தொழிலாளர்களின் நடுவே ஹல் ஹவுஸ் என்ற சமூக இல்லத்தைத் தொடங்கினார். பின்னாளில், 1931இல், சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்றவர் அவர். அந்த இல்லத்தின் அருகே பழைய கட்டடங்களை இடித்துப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டிடம் அமைத்தார்கள். நியூயோர்க்கில் 1903இல் நகரசபையே தன் பணத்தில் சீவர்ட் பார்க் விளையாட்டிடத்தைத் திறந்தது. இப்படி அங்கொன்றும் இங்கொன்றுமாக நடந்ததை ஒன்றுசேர்க்க, 1906 ஏப்ரலில் வொஷிங்டனில் சிலர் கூடி அமெரிக்க விளையாட்டிடச் சங்கத்தை அமைத்தார்கள். தலைவர் லூதர் குலிக். செயலாளர் ஹென்றி கேர்டிஸ். ஜேன் அடம்ஸ் துணைத்தலைவர்களில் ஒருவர். ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் கௌரவத் தலைவர். அடுத்த வருடம், 1907இல், அவர்களின் முதல் மாநாடு சிக்காகோவில் நடந்தது. எட்டு மணிநேரம் கேட்டவர்களைத் தூக்கிலிட்ட நகரத்தில், இருபது வருடங்களின் பின், ஓய்வு நேரத்துக்கு இடம் கேட்டு மாநாடு.

அந்தச் சங்கம் செய்த வேலை

இந்தச் சங்கம் எல்லா மைதானங்களையும் தானே கட்டிக் கொடுக்கவில்லை. அதனிடம் அதற்குப் பணம் இல்லை. அது செய்தது நம்மைப் போன்ற ஒரு சங்கம் செய்யக்கூடிய வேலை.

முதலாவது, ஒரு மாத இதழ். 1907இலேயே தொடங்கிவிட்டார்கள். எந்த நகரம் என்ன செய்தது, எவ்வளவு செலவானது என்று ஓர் ஊரின் அனுபவத்தை அடுத்த ஊருக்குச் சொன்னது அது. இரண்டாவது, களச் செயலாளர்கள். ஊர் ஊராக ஆள் அனுப்பி, அங்குள்ளவர்களைக் கூட்டி, நகரசபையிடம் எப்படிக் கேட்பது என்று சொல்லிக் கொடுத்தார்கள். மூன்றாவது, பயிற்சி. மைதானத்துக்குப் பொறுப்பாக ஓர் ஆள் வேண்டும் என்பதில் அவர்கள் பிடிவாதமாக இருந்தார்கள். ஆள் இல்லாத மைதானத்தைப் பெரிய பொடியன்கள் பிடித்துக்கொள்வார்கள். சின்னப் பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் வேலி ஓரத்தில் நிற்பார்கள். இது பொஸ்டனிலும் உண்மை, பொகவந்தலாவையிலும் உண்மை, இங்கே பரந்தனிலும் உண்மை.

நான்காவதுதான் மிக முக்கியம். தருமப் பணத்தில் தொடங்கினாலும், அதைப் பொதுப் பணத்துக்கும் பொதுச் சட்டத்துக்கும் மாற்ற வேண்டும் என்றார்கள். 1910 முதல் 1937இல் சாகும்வரை தலைவராக இருந்த ஜோசப் லீ பெரிய பணக்காரர். தன் சொந்தப் பணத்தையும் போட்டவர். அவரே இது நகரசபையின் கடமை என்று வாதாடினார். தருமம் கொடுப்பவர் மனம் மாறினால் நின்றுவிடும். சட்டத்தில் எழுதிய வரவுசெலவை நிறுத்துவது அவ்வளவு சுலபம் இல்லை.

1911இல் பெயரோடு பொழுதுபோக்கு என்ற சொல்லையும் சேர்த்தார்கள். தொழிற்சாலையிலிருந்து வரும் இளம் பெண்ணுக்கும், வயதான தகப்பனுக்கும் இடம் வேண்டும் என்று புரிந்ததால் வந்த மாற்றம் அது. 1930இல் தேசிய பொழுதுபோக்குச் சங்கம் என்று ஆனது. பூங்காக்களைப் பராமரிக்கும் அதிகாரிகளுக்கு 1898இலிருந்தே தனிச் சங்கம் இருந்தது. ஒரு பக்கம் புல்லைக் காப்பவர்கள், மறுபக்கம் புல்லில் ஓடுவதற்குப் பிள்ளையைக் கூட்டிவருபவர்கள். இந்த இரு தரப்பும் வேறு சில அமைப்புகளும் 1965இல் ஒன்றாகி இன்றைய தேசிய பொழுதுபோக்கு, பூங்காச் சங்கம் உருவானது.

நம் வலைக்கும் அவர்களுக்கும் உள்ள சொந்தம்

எங்கேயோ அமெரிக்கக் கதை என்று நினைக்காதீர்கள். லூதர் குலிக் அதற்கு முன் ஸ்பிரிங்பீல்ட் நகரிலுள்ள வை.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியில் இருந்தவர். குளிர்காலத்தில் உள்ளே ஆட ஒரு விளையாட்டு வேண்டும் என்று அவர் சொல்லித்தான் 1891இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கினார். அதே கல்லூரியில் படித்த வில்லியம் மோர்கன் 1895இல், வயது போனவர்களும் மூச்சு வாங்காமல் ஆடட்டும் என்று உருவாக்கியதுதான் கரப்பந்தாட்டம். அதே வை.எம்.சி.ஏ.யின் உடற்பயிற்சிப் பணிப்பாளர் வோல்டர் கெமர்மேயர் 1916இல் அதைக் கொழும்புக்குக் கொண்டுவந்தார். 1920இல் ஹரி குரோ பக் சென்னையில் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1991இல் கரப்பந்தாட்டம் இலங்கையின் தேசிய விளையாட்டானது.

நம் தோட்டங்களில் கரப்பந்தாட்டம் ஏன் இவ்வளவு பரவியது? இரண்டு கம்பு, ஒரு வலை, ஒரு பந்து போதும். ஆடுகளம் 18 மீற்றர் நீளம், 9 மீற்றர் அகலம். சுற்றிவர மூன்று மீற்றர் விட்டால் 24க்கு 15. கணக்குப் பாருங்கள், ஏறக்குறைய 14 பேர்ச். தோட்டத்தில் ஒரு வீட்டுக்குக் கேட்கும் 7 பேர்ச் துண்டில் இரண்டு. ஒரு டிவிசனில் இருக்கும் அத்தனை பிள்ளைகளுக்கும் இரண்டு வீட்டுத் துண்டு அளவு சமதரை கிடைக்கவில்லை என்றால், அது நிலம் இல்லாததால் வந்த பிரச்சினை அல்ல.

கம்பனிப் பூங்காவும் கண்ணுக்குத் தெரியாத கோடும்

இனி தவிர்க்க வேண்டிய பாடம். அந்தச் சங்கத்தில் இருந்த பலர் வசதியானவர்கள். தொழிலாளியின் பிள்ளைகளை அடக்கி ஒழுங்காக்க மைதானம் நல்ல வழி என்று நினைத்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். முதலாளிகளும் அப்படியே நினைத்தார்கள்.

சிக்காகோவுக்குப் பக்கத்தில் புல்மன் என்று ஓர் ஊர். ரயில் பெட்டி செய்யும் கம்பனி 1880இல் கட்டத் தொடங்கியது. வீடு கம்பனியுடையது, கடை கம்பனியுடையது, பூங்காவும் கம்பனியுடையது. பார்க்க அழகான ஊர். 1894இல் கம்பனி சம்பளத்தைக் குறைத்தது, வீட்டு வாடகையைக் குறைக்கவில்லை. தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பூ பூத்திருந்த பூங்கா அவர்களின் அடுப்பை எரிக்கவில்லை. 1898இல் அந்த மாநில உயர்நீதிமன்றம், கம்பனி ஓர் ஊரையே வைத்திருக்க முடியாது, விற்றுவிடு என்று தீர்ப்புச் சொன்னது. இந்தக் கதையை நம் தோட்டத்துக்கு நான் விளக்க வேண்டியதில்லை. துரை நல்லவராக இருந்தால் மைதானம் இருக்கும். துரை மாறினால் அங்கே கன்று நடுவார்கள். கம்பனி விட்டுக்கொடுத்த இடம் பொது இடம் ஆகாது.

அடுத்தது நிறம். 1919 யூலை 27, சிக்காகோ ஏரிக்கரை. வெள்ளையர் குளிக்கும் இடம் ஒரு பக்கம், கறுப்பர் குளிக்கும் இடம் மறுபக்கம். தண்ணீருக்குள் கோடு கிடையாது, ஆனால் எல்லோருக்கும் தெரியும் எங்கே கோடு என்று. யூஜின் வில்லியம்ஸ் என்ற 17 வயதுக் கறுப்பினப் பையன் மிதந்துகொண்டு அந்தக் கோட்டைத் தாண்டினான். கரையிலிருந்து கல்லெறிந்தார்கள். அவன் மூழ்கிச் செத்தான். அதைத் தொடர்ந்த கலவரத்தில் 38 பேர் இறந்தார்கள். பொதுக் கடற்கரை, பொதுப் பூங்கா என்று பெயர் வைத்தால் மட்டும் பொது ஆகிவிடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

நம் ஊர்களில் இந்தக் கோடு இல்லையா? ஒரு கழகத்துப் பிள்ளை இன்னொரு கழகத்து மைதானத்தில் கால் வைக்க முடியாத ஊர்கள் உண்டு. தோட்டக்காட்டான் என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டே பந்து பொறுக்கிய பிள்ளைகள் இன்று அப்பாமாராக இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். அதையும் நாம்தான் பேச வேண்டும்.

மலையில் நடந்தது

மலையகத்தில் மைதானம் இல்லாமல் இல்லை. நுவரெலியாவில் 1889இல் தொடங்கிய கோல்ப் கழகம் இருக்கிறது. ராதெல்லையிலும் டரவளையிலும் துரைமாருக்கு அருமையான மைதானங்கள். மலையை வெட்டி அவற்றைச் சமப்படுத்திய கைகள் யாருடையவை என்று சொல்லத் தேவையில்லை. நமக்கு இருந்தது பிரட்டுக்களம், கோயில் முற்றம், பீலிக்கரை, மாசி மாதத்தில் காமன் பொட்டல். காமன் பொட்டலைப் பாருங்கள். யாரும் நமக்குக் கட்டித் தந்ததல்ல. முழு டிவிசனும் கூடி, ஆடி, சிரித்து, அழுத பொது இடம். பொழுதுபோக்கு என்பது வெள்ளைக்காரன் நமக்குக் கற்றுத் தந்த ஆசை என்று யாராவது சொன்னால், காமன் பொட்டலைக் காட்டுங்கள்.

1948 நவம்பர் 15ஆம் திகதி இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து நம் மக்களை நாடற்றவர்களாக்கியது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் 10ஆம் திகதி ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. அதன் 24ஆம் உறுப்புரை ஓய்வுக்கும் பொழுதுக்கும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்கிறது. உலகம் நமக்கு ஓய்வு உண்டு என்று எழுதிய மாதத்தில், ஊர் நம்மை ஆள் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

பிரசாவுரிமை கிடைத்த பிறகும் ஒரு பூட்டு இருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு. தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தைச் செலவழிக்க அது தடையாக நின்றது. வாக்குப் போடலாம், உறுப்பினரைத் தெரிவு செய்யலாம், ஆனால் அவர் லயத்துக்கு ஒரு விளக்கோ மைதானத்துக்கு ஒரு லொறி மண்ணோ தர முயன்றால் சட்டம் குறுக்கே வந்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. ஜோசப் லீ பொதுப் பணம், பொதுச் சட்டம் என்று ஏன் கத்தினார் என்பது இப்போது விளங்கும். இந்தப் பூட்டுத் திறந்த செய்தி இன்னும் பல தோட்டங்களுக்குப் போய்ச் சேரவில்லை. திறந்த கதவைத் தள்ளாமல் வெளியே நிற்கக்கூடாது. 1992இல் கம்பனிகள் வந்தபோதும் நிலம் அரசினுடையதாகவே இருந்தது, கம்பனி குத்தகைக்காரர்தான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வன்னியில் நடந்தது

1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையிலிருந்து இங்கே வந்த குடும்பங்கள் காட்டை வெட்டிக் குடிசை போட்டார்கள். வவுனியாவை மையமாகக் கொண்டு காந்தியம் என்ற அமைப்பு அவர்களைக் குடியமர்த்த உழைத்தது. அதை நடத்தியவர்களில் ஒருவரான டொக்டர் இராசசுந்தரம் 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். காந்தியம் பிள்ளைகளுக்கு முன்பள்ளிகளையும் நடத்தியது என்பதை மறக்கக்கூடாது. உயிருக்கு ஓடிவந்த இடத்திலும், பிள்ளைக்கு ஓர் இடம் வேண்டும் என்று நினைத்தவர்கள் இந்த மண்ணில் இருந்திருக்கிறார்கள்.

பிறகு யுத்தம். 2009இல் செட்டிகுளம் மெனிக் பாமில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் முட்கம்பிக்குள் இருந்தார்கள். திரும்பி வந்தபோது காணிகளில் சிவப்பு மண்டையோட்டுப் பலகை. முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றவே எத்தனை வருடங்கள் போயின. ஓடாதே, வரம்பை விட்டு இறங்காதே, கிடக்கிற எதையும் தொடாதே என்று சொல்லி வளர்த்த பிள்ளைகள் நம் பிள்ளைகள். அப்படி வளர்ந்த பிள்ளைக்குப் பயமில்லாமல் ஓட ஒரு தரை என்பது ஆடம்பரமா?

வகுப்பறையில் நான் பார்ப்பதைச் சொல்கிறேன். மதியத்துக்குப் பிறகு தூங்கி விழும் பிள்ளை, பந்தோடு அரை மணிநேரம் வெளியே விட்டால் திரும்பி வந்து கணக்குச் செய்கிறது. பேசவே பேசாத பிள்ளை, அணி பிரிக்கும்போது வாய் திறக்கிறது. யாருக்கு முதல் அடி என்று சண்டை பிடித்து, பிறகு தாங்களே ஒரு விதியைப் போட்டுக்கொள்கிறார்கள். சங்கக் கூட்டம் நடத்தும் பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது.

இனி நம் வேலை

சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை விளையாட்டைப் பிள்ளையின் உரிமை என்கிறது. இலங்கை அதை ஏற்று உறுதி செய்ததும் 1991இல்தான், கரப்பந்தாட்டம் தேசிய விளையாட்டான அதே வருடம். கடதாசியில் இரண்டும் இருக்கிறது. தரைக்குக் கொண்டுவர ஐந்து வேலைகளைச் சங்கக் கிளைகளுக்கு முன்வைக்கிறேன்.

ஒன்று, மைதானக் கணக்கு. ஒவ்வொரு கிளையும் தன் தோட்டத்தில், தன் கிராமத்தில் பிள்ளைகள் எங்கே விளையாடுகிறார்கள், அந்தக் காணி யார் பெயரில் இருக்கிறது, எத்தனை பேர்ச் என்று எழுத வேண்டும். கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் கேளுங்கள். உறுதியோ ஒப்பமோ இல்லாத மைதானம் நாளைக்கு வேறொருவருடைய மதிலுக்குள் போய்விடும்.

இரண்டு, சபை வாசல். இங்கே கரைச்சி, பச்சிலைப்பள்ளி, பூநகரி பிரதேச சபைகள், முல்லைத்தீவுப் பக்கம் கரைதுறைப்பற்று, புதுக்குடியிருப்பு, துணுக்காய், மாந்தை கிழக்கு. மலையிலும் அந்தந்தப் பிரதேச சபை. வரவுசெலவுத் திட்டம் தயாராகும் முன்பே எழுத்தில் கேளுங்கள், கடிதத்தின் பிரதியை வையுங்கள். சனசமூக நிலையமும் விளையாட்டுக் கழகமும் தாய்மார் சங்கமும் சேர்ந்து கையொப்பம் இட்டால் அந்தக் கடிதத்துக்குப் பாரம் கூடும்.

மூன்று, நிழல். மலையில் சமதரை வேண்டும், வன்னியில் நிழல் வேண்டும். இந்த வெயிலில் மரமில்லாத மைதானம் மாலை ஐந்து மணிவரை அடுப்பு. வேம்பும் மருதும் இலுப்பையும் ஓரத்தில் நடுவதற்கு யாருடைய அனுமதிக்கும் ஒரு வருடம் காத்திருக்கத் தேவையில்லை. கன்று வைத்தவர் தண்ணீருக்கும் பொறுப்பு.

நான்கு, பெண்பிள்ளைகளும் அம்மாமாரும். கிழமையில் இரண்டு பின்னேரம் மைதானம் பெண்பிள்ளைகளுக்கு என்று கழகம் எழுதி ஒட்ட வேண்டும். அம்மாமாரின் கதை வேறு. மடுவத்தில் கொழுந்து நிறுத்துவிட்டு விறகு, தண்ணீர், சமையல் என்று அவர்களுடைய மூன்றாவது எட்டு மணிநேரம் வீட்டுக்குள்ளேயே கரைகிறது. மைதானம் மட்டும் அதைத் திருப்பித் தராது. அந்த இரண்டு பின்னேரமும் அடுப்பை யார் பார்ப்பது என்று ஆண் தோழர்கள் முடிவு செய்ய வேண்டும்.

ஐந்து, பொறுப்பான ஆள். பந்தையும் வலையையும் வைத்திருக்க, சின்னவர்களை அணியில் சேர்க்க, எந்த லயம், எந்தச் சாதி, எந்தக் கிராமம் என்று பார்க்காமல் விளையாட விட, ஓர் இளைஞனோ இளைஞியோ ஒவ்வோர் இடத்துக்கும் வேண்டும். அவர்களுக்கு ஒரு நாள் பயிற்சியைச் சங்கம் தர வேண்டும். அதை நடத்த நானும் என் சக ஆசிரியர்களும் தயார்.

சம்பளக் கோரிக்கையை விட்டுவிட்டு இதைச் செய்யச் சொல்லவில்லை. சம்பளம் குறைந்தால் ஞாயிற்றுக்கிழமையும் கைக்காசுக்குப் போக வேண்டும், பிறகு மைதானத்துக்கு வர யார் மிச்சம்? இரண்டும் ஒரே கயிற்றின் இரண்டு முனை. அதனால்தான் அடுத்த கோரிக்கைப் பட்டியலில் சம்பளத்துக்கும் வீட்டுக்கும் கீழே மைதானக் காணி என்று ஒரு வரியைச் சேர்க்கும்படி இந்தக் கருத்தரங்கைக் கேட்கிறேன்.

மைதானக் கணக்கு எழுதும் தாள் வாசலில் இருக்கிறது. கிளைக்கு ஒன்று எடுத்துப் போங்கள். நிரப்பித் தந்த கிளைகளின் பெயர் அடுத்த இதழில் வரும். நிரப்பாத கிளைகளின் பெயரும் வரும்.